அடுப்படியிலும் களை எடுப்போம்

பொங்கலுக்கு முன் ஐந்து நாள் வேலை



மார்கழி கடைசி வாரம். டெல்டாவில் சம்பா மணி முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. கரிசல் காட்டில் உளுந்தும் பாசியும் களத்துக்கு வந்துகொண்டிருக்கு. களத்தைச் செதுக்கி, சாணம் தெளித்து, சாக்கு எண்ணி, ஆள் சொல்லி வைத்து எல்லாத்தையும் தயார் பண்ணுகிறோம். ஆனா அந்த நெல்லும் பயறும் வந்து சேரப்போகிற வீட்டைத் தயார் பண்ணுகிறோமா?

அடுப்படியைக் கொஞ்சம் எட்டிப் பாருங்க. பரணில் போன வருஷத்து அரை மூட்டை நெல். அலமாரியில் எப்போ வாங்கினதுன்னு தெரியாத கடலைமாவு. மூலையில் வண்டு விழுந்த தட்டைப்பயறு. ஜன்னல் மேல விதைப் பொட்டலம், அதுக்குப் பக்கத்திலேயே எலிப்பசை. மூடி இல்லாத டப்பா பத்து, டப்பா இல்லாத மூடி இருபது. இதுக்கு நடுவுலதான் புது நெல்லைக் கொண்டுவந்து இறக்கப் போகிறோம்.

அஞ்சு மாசம் நஞ்சு தெளிக்காமல் பாடுபட்டு விளைவித்ததை வீட்டுக்குள்ளே வண்டுக்குக் கொடுத்தால் அது உழவு ஆகாது. வண்டுக்குப் பயந்து மூட்டைக்குள்ளே நஞ்சு மாத்திரை வைத்தால் நம்ம இயற்கை வேளாண்மைக்கே அர்த்தமில்லாமல் போகும். அடுப்படிதான் நம்ம கடைசி வயல். அதிலும் களை எடுக்கணும். அதை எப்படி எடுப்பது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

ஏன் இப்பவே செய்யணும்?

அரிசியிலும் நெல்லிலும் விழும் கூன்வண்டு வெளியிலிருந்து பறந்து வந்து விழுவது குறைவு. பெரும்பாலும் வீட்டில் ஏற்கெனவே இருப்பதுதான் பெருகுது. தாய் வண்டு தானியத்தில் சின்னத் துளை போட்டு உள்ளே முட்டை வைத்து, துளையைப் பசையால் மூடிவிடும். புழுவும் கூட்டுப்புழுவும் மணிக்குள்ளேயே வளரும். வெளியே பார்த்தால் நல்ல மணி மாதிரியே இருக்கும். நம்ம ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாசத்தில் புது வண்டு வெளியே வந்துவிடும். ஒரு தாய் வண்டு தன் ஆயுளில் நூறு முட்டைக்கு மேல் வைக்கும். தையில் பழைய மூட்டையில் இருக்கும் பத்து வண்டு, சித்திரைக்குள்ளே என்ன ஆகும்னு கணக்குப் போட்டுக்கோங்க.

பயறு வண்டு வேறு மாதிரி. அது காட்டிலேயே முற்றின காயின் மேல் முட்டை ஒட்டிவிடும். அப்படியே களத்துக்கும், களத்திலிருந்து வீட்டுக்கும் வரும். வீட்டில் பயறின் மேலேயே முட்டை ஒட்டும். பயறு மேல வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது தூசி இல்லை, முட்டை. வளர்ந்த வண்டு பயறைத் தின்பதில்லை. உள்ளே இருக்கும் புழுதான் தின்னும். வட்டத் துளை தெரியும்போது வேலை முடிஞ்சு போயிருக்கும். வீட்டில் கிடக்கும் பழைய பயறிலிருந்து பறக்கும் வண்டு பக்கத்துக் காட்டுக்கும் போகும்.

ஆகவே பழையதைத் தீர்த்துவிட்டுத்தான் புதியதை உள்ளே விடணும். பழைய மூட்டை மேல் புது மூட்டை அடுக்குவது, களை நிற்கும் வயலிலேயே நாற்று நடுவது மாதிரி.

முதல் நாள்: நஞ்சை வெளியே எடு

எல்லாப் பொருளையும் முற்றத்துக்குக் கொண்டு வாங்க. இதைப் பெண்கள் தலையில் மட்டும் கட்டாதீங்க. மூட்டை இறக்க, பரண் ஏற வீட்டு ஆண்கள் வரணும். எந்தச் சம்படத்தில் என்ன இருக்குன்னு பிள்ளைகளும் தெரிஞ்சுக்கணும்.

முதலில் தேட வேண்டியது நஞ்சு. நாம இயற்கைக்கு மாறி வருஷங்கள் ஆகியிருக்கலாம். பழைய குப்பி வீட்டை விட்டுப் போயிருக்கான்னு பார்க்கணும்.

2013 ஜூலையில் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்து போனார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி இருந்தது ஆய்வில் தெரிய வந்தது. நஞ்சு இருந்த கலனில் எண்ணெய் வைத்ததுதான் அந்தச் சாவுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த நஞ்சுக்கு ஒன்றிய அரசு 2023-ல்தான் தடை ஆணை போட்டது. கழுவினால் போகும் என்று நினைத்து நஞ்சுக் குப்பியில் எண்ணெயோ மண்ணெண்ணெயோ ஊற்றி வைக்கும் பழக்கம் நம்ம ஊரிலும் உண்டு.

தேட வேண்டியவை:

1. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி வந்த குப்பி, கேன், வாளி. எவ்வளவு கெட்டியாக, அழகாக இருந்தாலும் அடுப்படிக்கு ஆகாது.

2. மஞ்சள் பாஸ்பரஸ் சேர்ந்த எலிப்பசை. இது உள்ளே போனால் முதல் நாள் பெரிசா ஒன்றும் தெரியாது. சில நாளில் கல்லீரலை அழிக்கும். முறிவு மருந்து கிடையாது.

3. மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. 3 கிராம் மாத்திரை ஒன்று, காற்றின் ஈரம் பட்டதும் 1 கிராம் பாஸ்பீன் வாயுவை விடும். மூடின வீட்டுக்குள்ளே மூட்டைக்குப் பக்கத்தில் படுத்திருப்பவர் உயிரை எடுக்க அது போதும். வீட்டில் வைத்துப் பயன்படுத்த இதற்கு அனுமதியே இல்லை. அனுமதி பெற்ற வல்லுநர் மேற்பார்வையில் மட்டுமே கையாள வேண்டியது.

4. சிவப்பு, நீலம், பச்சை என்று சாயம் ஏறிய கடை விதை. அது பூஞ்சணக்கொல்லி பூசின விதை. மனுஷருக்கும் ஆகாது, கோழிக்கும் ஆகாது.

இவற்றைத் தண்ணீரில் கொட்டக் கூடாது, எரிக்கக் கூடாது, பழைய இரும்புக்காரரிடம் போடவும் கூடாது. மாத்திரை மேல் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. மூடி திறக்காமல், நனையாத இடத்தில், வீட்டுக்கு வெளியே பூட்டி வைத்து, வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு முறையாக ஒப்படைக்க வழி பாருங்க. காலிக் குப்பியை மறுபடி யாரும் எடுக்காதபடி துளையிட்டு வைங்க. யாராவது தவறுதலாக உட்கொண்டுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் 108-ஐ அழைங்க. எந்த நஞ்சு என்று மருத்துவர் அறிய அந்தக் குப்பியையும் கூடவே எடுத்துப் போங்க.

இரண்டாம் நாள்: நாலு குவியல்

இப்போ தானியம், பயறு, மாவு, மசாலா. ஒவ்வொன்றையும் முறத்தில் கொட்டிப் பார்த்து நாலாகப் பிரிங்க: உணவு, விதை, தீவனம், உரம்.

உணவு: லேசாக வண்டு விழுந்த அரிசி, பயறு. சல்லடையில் சலித்து, புடைத்து, வெயிலில் போட்டு, இந்தத் தை மாசத்துக்குள்ளே சமைத்துத் தீர்க்கணும். மார்கழி வெயில் இளவெயில். சும்மா விரித்தால் வண்டு நடந்து திரும்ப வீட்டுக்கே வரும். பனி ஈரம் காய்ந்த பிறகு, பத்து மணிக்கு மேல், கருப்புத் தார்ப்பாய் விரித்து அதன் மேல் பயறை மெல்லிசாகப் பரப்பி, மேலே கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் தாளைப் போட்டு ஓரத்தில் கல் வைங்க. உள்ளே சூடு ஏறும். 55 டிகிரிக்கு மேல் போனால் மணிக்குள் இருக்கும் புழுவும் தாங்காது. இது உணவுப் பயறுக்கு மட்டும். விதைக்கு இந்தச் சூடு வேண்டாம். நாலு மணிக்குள் எடுத்து, நன்றாக ஆறவிட்டு அப்புறம் கொட்டுங்க. சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

தீவனம்: வண்டு நிறைய விழுந்து சமைக்க ஆகாத தானியம். கோழிக்குப் போட்டால் தானியத்தோடு வண்டையும் கொத்தித் தின்னும்.

உரம்: பூஞ்சணம் பிடித்தது, கட்டி தட்டினது, சிக்கு வாடை அடிப்பது. இதில் கவனம் வேணும். பூஞ்சணம் பிடித்த கடலையையும் மக்காச்சோளத்தையும் "மாடு தின்னட்டும்" என்று போடாதீங்க. அதில் இருக்கக்கூடிய அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு மாட்டின் பால் வழியாக நம்ம பிள்ளைகளுக்கே திரும்பி வரும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாப் போகாது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்ததற்குக் காரணம், தீவனத்தில் கலந்த பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்குதான். இந்த நஞ்சை உலகம் அறிந்ததே அதுக்குப் பிறகுதான். அப்படிப்பட்டதை எருக்குழியில் போட்டு மேலே சாணமும் மண்ணும் மூடுங்க. சிவப்பு மாவு வண்டு பெருகி நாற்றம் அடிக்கும் மாவும் குழிக்குத்தான். சிக்கு அடித்த எண்ணெய் விளக்குக்கு ஆகும்.

விதைக் குவியலுக்குத் தனியாக ஒரு நாள் வேணும்.

மூன்றாம் நாள்: விதையை எழுப்பிப் பார்

பொட்டலம், சுரைக்குடுக்கை, மாத்திரை டப்பா என்று விதை எங்கெங்கோ கிடக்கும். எல்லாத்தையும் ஒரே இடத்துக்குக் கொண்டு வாங்க. பெயர் தெரியாத விதையை வீட்டுப் பெரியவங்ககிட்டக் காட்டிக் கேளுங்க. அவங்க போன பிறகு கேட்க ஆள் இருக்காது.

பிறகு முளைப்புச் சோதனை. கலந்து எடுத்த 100 விதையை ஈரத்துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, நிழலில் ஈரம் காயாமல் வைங்க. பயறு 4, 5 நாளிலும் நெல் ஒரு வாரத்திலும் கணக்குச் சொல்லிவிடும். சான்று விதைக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு நெல்லுக்கு 80, பயறு வகைக்கு 75, கத்தரி, தக்காளிக்கு 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. நம்ம விதையும் அதுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. குறைந்தால் அதைக் கூட்டி விதைப்பதா, பக்கத்து ஊர் உழவரிடம் மாற்றிக்கொள்வதா என்று இப்பவே முடிவு பண்ணலாம். மரபு ரகமாக இருந்து முளைப்பு ரொம்பக் குறைந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீங்க. முளைத்த நாலு நாற்றையாவது தனிப் பாத்தியில் வளர்த்து விதையைப் புதுப்பித்து எடுங்க.

நெல் தரிசில் உளுந்து போடுகிறவர்களுக்கு இந்தச் சோதனை ரொம்ப அவசரம். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடியே, நெல் நிற்கும்போதே ஈரத்தில் ஏக்கருக்குச் சுமார் 10 கிலோ தூவ வேண்டியிருக்கும். அன்னைக்குப் போய் டப்பாவைத் திறந்து பார்த்து, உளுந்து முழுக்கத் துளையாக இருந்தால் கடை விதைக்குத்தான் ஓடணும்.

தேறிய விதையை மறுபடி காயவைங்க. பயறு விதை ஈரப்பதம் 9 விழுக்காட்டுக்குள்ளும் நெல் விதை 13-க்குள்ளும் இருக்கணும். கருவி இல்லாதவங்க கடித்துப் பாருங்க. டக்கென்று உடையணும், நசுங்கக் கூடாது. உப்புச் சோதனையும் உண்டு. உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியமும் ரெண்டு மூணு கரண்டி காய்ந்த தூள் உப்பும் போட்டு ஒரு நிமிஷம் குலுக்கி, கால் மணி நேரம் வைங்க. உப்பு பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல் இருக்குன்னு அர்த்தம். ஒட்டாமல் விழுந்தாலும் விதைக்கு இன்னும் காய்ச்சல் வேணும்.

பயறு விதைக்குக் கிலோவுக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் பிசறலாம், அல்லது 10 கிராம் வசம்புத் தூள் கலக்கலாம். விதைக்கு மட்டும்தான். இப்படிக் கலந்ததைச் சமையல் பயறோடு சேர்த்து வைக்காதீங்க. துவரையைச் செம்மண் கட்டி வைத்த நம்ம பாட்டிமார் வழியும் நல்ல வழி. பயறை உடைத்துப் பருப்பாக வைப்பதும் ஒரு காப்புத்தான். முழுப்பயறில் பெருகும் அளவுக்குப் பருப்பில் அந்த வண்டு பெருகாது.

நான்காம் நாள்: கலமும் சாக்கும்

காலியான மரப்பெட்டி, குதிர், பானை, தகர டின் எல்லாத்தையும் கவிழ்த்துத் தட்டுங்க. மூலையிலும் இடுக்கிலும் நிற்கும் மாவுத் தூசிதான் வண்டுக்கு வீடு. சுவர் வெடிப்பை மண்ணோ சுண்ணாம்போ வைத்துப் பூசி வெள்ளையடிங்க. எலி வரும் ஓட்டையையும் அடைங்க.

பழைய சாக்கை உள்புறம் வெளியே திருப்பி உதறி, தையல் இடுக்கைப் பாருங்க. 1 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து 10 லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து வடிகட்டுங்க. அதில் சாக்கைக் கால் மணி நேரம் நனைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்துப் பயன்படுத்துங்க.

நொச்சி, வேம்பு, புங்கன் இலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இவை வண்டை விரட்டும். ஆனா ஏற்கெனவே மணிக்குள் இருக்கும் முட்டையையும் புழுவையும் கொல்லாது. "இலை போட்டும் வண்டு வந்துடுச்சே" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் காயாத தானியத்தில் இலை போட்டவர்கள். முதலில் காய்ச்சல், அடுத்து சுத்தம், அப்புறம்தான் இலை. இலையையும் நிழலில் காயவைத்தே போடணும். பச்சை இலை ஈரத்தை உள்ளே கொண்டுபோகும்.

வேண்டாத பாத்திரத்தையும் இன்னைக்கே பிரிச்சிடுங்க. ஒரு வருஷமாகக் கை படாத அண்டாவும் தூக்கும் பரணில் இருந்தால் எலிக்கும் கரப்பானுக்கும்தான் லாபம். ஊரில் புதுசா குடித்தனம் தொடங்கினவங்களுக்குக் கொடுங்க. பெரிய அண்டா, வடிதட்டு மாதிரி எப்பவாவது தேவைப்படுவதை உழவர் குழுவுக்குப் பொதுவாக வைத்துக்கொண்டால் வீட்டுக்கு ஒண்ணு வேண்டியதில்லை.

உணவுப் பொருள் வந்த பிளாஸ்டிக் பாட்டில் நிறையச் சேர்ந்திருக்கும். நன்றாகக் கழுவிக் காயவைத்து, காய்ந்த பயறு விதையைக் கழுத்து வரை நிரப்பி, குலுக்கி, இறுக மூடுங்க. உள்ளே இருக்கும் கொஞ்சக் காற்றும் தீர்ந்ததும் வண்டு பெருக முடியாது. அரை பாட்டில் நிரப்பினால் பலன் கிடைக்காது. அடிக்கடி திறந்தாலும் கிடைக்காது. அதனால ஒரு பெரிய டப்பாவைவிடப் பல சின்ன பாட்டில் நல்லது.

ஐந்தாம் நாள்: திரும்ப அடுக்கு

சாமானை உள்ளே வைக்க நாலே விதி.

பழையது முன்னால், புதுசு பின்னால். முதலில் வந்தது முதலில் செலவாகணும்.

எல்லாக் கலத்திலும் சீட்டு. பெயர், எந்தக் காடு, எந்த மாசம், காயவைத்த தேதி. விதைக் கலத்துக்குச் சிவப்பு நூல் கட்டிவிட்டால் அவசரத்தில் யாரும் உலையில் போட மாட்டாங்க.

மூட்டை தரையிலும் படக் கூடாது, சுவரிலும் படக் கூடாது. கீழே மரச்சட்டம், சுவருக்கும் மூட்டைக்கும் நடுவே ஆள் நுழைய இடம்.

பெரிய கலத்தைத் தினமும் திறக்காதே. பத்து நாளுக்கு வேண்டியதைச் சின்னச் சம்படத்தில் எடுத்து வைத்துப் புழங்கு.

பதினைந்து நாளுக்கு ஒரு தடவை மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்க. எங்க அப்பத்தா நெல்லுக்குள்ள முழங்கை வரைக்கும் விட்டு, "உள்ள சூடா இருக்குடா, பிரிச்சுக் கொட்டு"ன்னு சொல்லிடுவாங்க. வண்டு பெருகினாலும் ஈரம் இருந்தாலும் தானியம் சூடேறும், அது உண்மை. நிறைய இருப்பு வைப்பவர்கள் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய பூச்சிப் பொறியை வாங்கிக் குத்தி வைக்கலாம். துளை போட்ட குழாய்தான் அது. காற்றைத் தேடி வரும் வண்டு துளை வழியாக நுழைந்து அடியில் விழும். மருந்து எதுவும் கிடையாது.

போகியில் எதை எரிப்பது?

நாலு குவியலும் போக மிஞ்சுவது நெகிழிப் பை, உடைந்த வாளி, கிழிந்த பிளாஸ்டிக் பாய். இதையெல்லாம் போகித் தீயில் போட்டால் வீட்டை விட்டுப் போன குப்பை நம்ம நுரையீரலுக்குள் வந்து சேரும். பி.வி.சி. எரிந்தால் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டாகி, காற்றில் பரவி, புல்லில் படிந்து, மாட்டுப் பாலுக்கும் வரும். 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்களே இறங்க முடியாமல் போனது நினைவிருக்கும். ஊரில் விமானம் இல்லை, ஆனா திண்ணையில் படுத்திருக்கும் தாத்தா இருக்கார், தொட்டிலில் பிள்ளை இருக்கு.

கிழிந்த ஓலைப்பாய், பழைய முறம், துடைப்பம் இவையும் எரிக்க வேண்டியதில்லை. நறுக்கி மூடாக்காகப் போடலாம். நெகிழியைத் தனியாகக் கட்டித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்க. கொடுக்கும்போது ஒரு தடவை எடை போட்டுப் பாருங்க. அடுத்த மார்கழியில் அந்த எடை பாதியாகணும். தூக்குப்பையும் எண்ணெய்த் தூக்கும் மறுபடி கைக்கு வந்தால் அது நடக்கும்.

கடைசியாக ஒரு நோட்டு

அடுக்கி முடித்த அன்னைக்கு ராத்திரி வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ரெண்டு பட்டியல் எழுதுங்க. நம்ம காட்டில் விளைந்து தின்னாமல் மிஞ்சினது எது? கடையில் காசு கொடுத்து வாங்கினது எது?

மாசம் ஒன்றரை கிலோ துவரம்பருப்பு வாங்கும் வீட்டுக்கு வருஷத்துக்கு 18 கிலோ. உடைத்தால் நூற்றுக்கு எழுபது பருப்பு தேறும் என்று வைத்தால் 26 கிலோ முழுத் துவரை போதும். அதை வரப்போரத்திலேயே எடுக்க முடியுமா? மல்லிக்கும் மிளகாய்க்கும் வீட்டுப் பக்கம் ரெண்டு பாத்தி ஒதுக்க முடியுமா? எள்ளு போட்டால் செக்கில் ஆட்டிக்கலாமா? மிஞ்சின பயறை அடுத்த தடவை குறைத்து விதைக்கலாமா?

எதை விதைப்பது என்று சந்தைக்காரர் சொல்லி, கடைக்காரர் சொல்லி விதைத்துப் பார்த்துவிட்டோம். இந்தத் தையில் நம்ம அடுப்படி சொல்வதைக் கேட்டு விதைப்போம். அந்த நோட்டைச் சாமி மாடத்தில் வைங்க. ஆடியில் பட்டம் பார்க்கும்போது எடுத்துப் பிரிங்க.